தலை குனிந்து நின்ற நீதிபதி

1697-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரம். மாகாணம் முழுவதும் அன்று உபவாச நாள். ஆலயத்தில் மக்கள் கூடி இருந்தனர்.

போதகர் சாமுவேல் வில்லார்டு நடந்து வந்தார். அவர் கையில் ஒருவர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். கொடுத்தவர் யார் தெரியுமா? நீதிபதி சாமுவேல் சூயல்!

போதகர் அதை உரக்கப் படித்தார். நீதிபதி எழுந்து நின்றார். படித்து முடியும் வரை அவர் உட்காரவில்லை. முடிந்ததும் தலை குனிந்தார்.

சூனிய வழக்கு

1692-ம் ஆண்டில் நடந்தது இது. பாஸ்டனுக்கு வடக்கே சேலம் என்று ஓர் ஊர். (நம் ஊர் சேலம் அல்ல!) அதன் அருகே உள்ள கிராமத்தில் சில சிறுமிகள் திடீரென்று துடித்தார்கள், அலறினார்கள். "இன்னார் சூனியம் வைத்துவிட்டார். அவருடைய ஆவி வந்து கிள்ளுகிறது" என்று கூறினார்கள்.

ஆவி கிள்ளியதை வேறு யார் பார்க்க முடியும்? ஆனாலும் கோர்ட்டு அதைச் சாட்சியமாக ஏற்றது. "ஆமாம், நான் சூனியக்காரி" என்று பொய் சொன்னவர்கள் பிழைத்தார்கள். பொய் சொல்ல மறுத்தவர்களுக்குத் தூக்கு!

ரெபேக்கா நர்ஸ் என்ற மூதாட்டிக்கு வயது 71. "குற்றவாளி அல்ல" என்றுதான் ஜூரர்கள் முதலில் சொன்னார்கள். உடனே சிறுமிகள் கூச்சல் போட்டார்கள். "மறுபடி யோசியுங்கள்" என்றார், தலைமை நீதிபதி ஸ்டவுட்டன். தீர்ப்பு மாறியது. மூதாட்டி தூக்கில் தொங்கினார்.

இப்படி மாண்டவர்கள் 19 பேர். கைல்ஸ் கோரி என்ற கிழவர், கோர்ட்டில் வாய் திறந்து பதில் சொல்ல மறுத்தார். அவர் மேல் பாறாங்கற்களை ஏற்றினார்கள். அவரும் இறந்தார்.

அந்தக் கோர்ட்டின் நீதிபதிகளில் சூயலும் ஒருவர்.

மகன் சொன்ன வசனம்

1696-ம் ஆண்டு மே மாதம் சூயலுக்கு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. டிசம்பர் 23-ந் தேதி, 2 வயது மகள் சாராவும் இறந்தாள். மறுநாள் மூத்த மகன், மத்தேயு சுவிசேஷத்தின் 12-ம் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் தந்தைக்குச் சொல்லிக் காட்டினான்.

அதில் 7-ம் வசனம். கடவுள் கேட்பது இரக்கமே, பலி அல்ல. அது தெரிந்திருந்தால் குற்றமற்றவர்களை நீங்கள் தண்டித்திருக்க மாட்டீர்கள் என்று இயேசு கூறும் இடம் அது.

சூயலுக்குச் சேலம் நினைவு வந்தது. டைரியிலும் அதை எழுதி வைத்தார்.

குழந்தைகள் சாவது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். சூயல் அப்படி எண்ணி மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை. கடவுளின் கை தன் மேல் விழுந்ததாக நினைத்தார். ஊருக்குத் தீர்ப்புக் கூறியவரும் ஒரு நாள் கடவுளின் நியாயாசனத்தின் முன் நிற்க வேண்டும். அதற்கு முன்பே மனந்திரும்ப வேண்டும் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்தக் காகிதம். "எல்லோரும் சேர்ந்துதானே செய்தோம்" என்று அவர் நழுவவில்லை. பழியும் வெட்கமும் தன்னைச் சேரட்டும் என்றார். மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். தன் பாவத்துக்காகக் குடும்பத்தையும் நாட்டையும் கடவுள் தண்டிக்காதிருக்க வேண்டினார்.

12 ஜூரர்களும் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார்கள். நீதிபதிகளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவர் சூயல் ஒருவரே. ஸ்டவுட்டன் கடைசிவரை கேட்கவில்லை.

1700-ம் ஆண்டில், அடிமை வியாபாரத்தைக் கண்டித்துச் சூயல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1718-ல் அவரே தலைமை நீதிபதி ஆனார்.

1706-ம் ஆண்டில் இன்னொருவர் ஆலயத்தில் எழுந்து நின்றார். பெயர் ஆன் புட்னம். அன்று அலறிய சிறுமிகளில் ஒருத்தி! ரெபேக்கா நர்சின் பெயரைச் சொல்லி அவள் மன்னிப்புக் கேட்டாள்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் கடைசிப் பெண்ணின் பெயர் மீது இருந்த பழியை 2022-ம் ஆண்டில்தான் நீக்கினார்கள்.