மடையைத் திறக்க ஆள் எங்கே?

ஏரி தூர்வார ஒதுக்கும் தொகை ஆண்டுதோறும் செய்தியாகிறது. தூர்வாரிய ஏரியின் மடையை யார் திறப்பது, யார் வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்பதை யாரும் கேட்பதில்லை. தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் சிக்கல் வண்டல் மட்டுமல்ல.

முன்பு இதற்கென்றே ஊரில் ஆள் இருந்தார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கூலி, அறுவடைக் களத்தில் நெல்லாக. பாண்டி நாட்டுக் கண்மாயின் குமிழித்தூம்பைத் திறப்பது லேசான காரியமில்லை. நிறைந்த நீரில் நீந்திப்போய், முங்கி, நீரோடித் துளையை அடைத்திருக்கும் மூடியைத் தூக்க வேண்டும். தண்ணீர் இறங்கும் வேகத்தில் கீழே உள்ள சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் வெளியேறும். மழை பொய்த்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சி, வரப்புச் சண்டை வராமல் பார்ப்பதும் அவர்தான். பெரும்பாலும் நிலமில்லாத தலித் என்பதால் ஒருசார்பாக நடக்கமாட்டார் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு அடியில் சாதி இருந்தது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதைக் குறை சொல்ல முடியாது. போர்வெல் வைத்தவர்களுக்கு ஏரித் தண்ணீர் தேவைப்படாமல் போக, நெல் அளப்பதும் நின்றது.

அரசு சும்மா இருக்கவில்லை. 1984 முதல் திருச்சி துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் இயங்குகிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க 2000-இல் சட்டம் வந்தது. 2007-இல் உலக வங்கிக் கடனுடன் நீர்வள நிலவளத் திட்டம், 2017-இல் குடிமராமத்துத் திட்டம். சட்டப்படி ஆயக்கட்டில் நிலம் உள்ளவரே நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர். மடையை அறிந்தவருக்கு அங்கே ஓட்டு இல்லை. போதாக்குறைக்கு, 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத் துறையிடம், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம். மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்குப் போகும் ஒரே சங்கிலியில் இரண்டு அலுவலகங்கள்!

பயிற்சி என்றால் சங்கத் தலைவருக்கும் பொறியாளருக்கும் வகுப்பு எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. மடையில் நிற்பவருக்கும் பயிற்சி, மாதச் சம்பளம், சங்கக் கூட்டத்தில் பேசும் உரிமை மூன்றும் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்கிறார்கள். மீன்பாசி ஏலமும் கரைமர ஏலமும் பல ஊர்களில் இன்னும் நடக்கின்றன. அந்த வரவில் ஒரு பங்கை அவர் சம்பளத்துக்கென்று எழுதி வைக்கலாம்.