தோட்டம் தந்த காணிக்கை

கொடை என்றவுடன் தமிழ் மாணவர்களாகிய நம் நினைவுக்கு வருபவர்கள் கடையெழு வள்ளல்கள். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். அவர்கள் உடையவர்கள். மலையும் நாடும் அவர்களிடம் இருந்தன, ஆகவே கொடுத்தார்கள். இல்லாதவன் கொடையாளி ஆக முடியுமா? தன் கையில் காசில்லாத ஒருவன், ஊர் நடுவே நிமிர்ந்து நின்று, 'இஃது என் பங்கு' என்று சொல்ல முடியுமா?

முடியும் என்று காட்டுகின்ற ஒரு வழக்கத்தைச் சிற்றூர்கள் பல காலமாகக் காத்து வருகின்றன. வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டு ஊர்க் கோயிலுக்குப் பொருள் சேர்க்கும் வழக்கமே அது. அதன் அமைப்பையும், அதில் மறைந்து கிடக்கும் சிறு கணக்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கணிதம் பயில்பவன்; ஆதலால் கணக்கின்மேல் எனக்குச் சற்று ஆசை மிகுதி. நண்பர்கள் பொறுத்துக்கொள்க.

முதலில் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே 1927-இல் ஒரு புதிய முயற்சி தொடங்கிற்று. தனியார் தங்கள் வீட்டுத் தோட்டங்களை ஒரு நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு சில்லிங். அந்த முதல் ஆண்டில் 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. எட்டாயிரம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைப் பேணும் செவிலியர்க்கு அப்பணம் பயன்பட்டது. இவ்வழக்கம் பின்னர்ச் சிற்றூர்க் கோயில்களுக்கும் பரவியது. இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 கோயில் கட்டடங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல பழமையானவை. கூரை ஒழுகினால், அதைச் செப்பனிடும் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சபையின் தலையிலேயே விழுகிறது. ஆகவே கோடையில் ஒரு நாள், ஊரார் பலர் தங்கள் தோட்டக் கதவுகளைத் திறந்து வைக்கிறார்கள். வருவோர் சீட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று பூக்களைக் காண்கிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், நாற்றுகள் வாங்குகிறார்கள். சேர்ந்த பணம் கோயிலுக்குப் போகிறது.

நம் நாட்டில் இதற்கு இணையானது எது? தோட்டத்தைத் திறந்து காட்டுவதற்கு மாறாக, தோட்டமே நடந்து கோயிலுக்கு வருகின்ற நாள் ஒன்று நம்மிடம் உண்டு. சென்னைப் பக்கத்தில் அதனை அறுப்பின் பண்டிகை என்பர். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் தோத்திரப் பண்டிகை என்பர். முதற்பலனைத் தெய்வத்துக்குப் படைப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. பொங்கல் அதுவே; குமரி மாவட்டக் கோயில்களில் நடைபெறும் நிறைபுத்தரிசியும் அதுவே. மேலைநாட்டில் கார்ன்வாலைச் சேர்ந்த மார்வென்ஸ்டோ என்னும் ஊரில் இராபர்ட்டு ஸ்டீபன் ஹாக்கர் என்ற குரு 1843-இல் அறுவடை விழாவைக் கோயில் வழிபாடாக நடத்தினார். இக்கால அறுவடை வழிபாட்டின் தொடக்கம் அதுவே என்பர். அவ்வழக்கமும் நம் மண்ணின் முதற்கதிர் வழக்கமும் எங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் கைகோத்துக்கொண்டன.

திருநெல்வேலிச் சீமையில் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு ஆழமானது. நெடுவிளை என்ற பழைய பெயருடைய மெய்ஞ்ஞானபுரத்துக்கு 1837-இல் ஜான் தாமஸ் ஐயர் வந்தபோது அவ்வூர் தேரி மணல் சூழ்ந்த வறண்ட நிலம். கிணறுகள் தோண்டப்பட்டன, மரங்கள் வைக்கப்பட்டன, வாழை தழைத்தது. அந்தத் தோட்டங்களின் நடுவே 192 அடி உயரக் கோபுரத்துடன் ஒரு கோயில் எழுந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவராக நாம் அறிந்த கால்டுவெல், 1841-இல் இடையன்குடிக்கு வந்தவர். அங்கு அவர் 1847-இல் தொடங்கிய கோயில் 1880-இல்தான் முடிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! பனையேறிப் பிழைத்த மக்கள் வாழ்ந்த சீமையில் ஒரு கோயிலைக் கட்டுவது எத்துணை அரிய செயல் என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லும்.

இனிப் பண்டிகை நாளுக்கு வருவோம். வாழைத்தார், தேங்காய், பூசணி, கருப்பட்டி, கோழி, முட்டை, கரும்புக் கட்டு என்று வீட்டுக்கு வீடு ஏதேனும் ஒன்று வருகிறது. பீடத்தின் முன்னே அவை அடுக்கப்படுகின்றன. வழிபாடு முடிந்ததும் ஏலம். (ஏலம் என்ற இச்சொல்லே போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது என்பர் மொழியறிஞர்.) உரத்த குரலும் நகைச்சுவையும் உடைய ஒருவர் பொருளை உயர்த்திக் காட்டி, 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று கூவுகிறார்.

எங்கள் ஆச்சிக்கு நிலமில்லை. வீட்டின் பின்புறம், பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் ஒரு முருங்கை மட்டும் நின்றது. ஆண்டுதோறும் அதிலிருந்து ஒரு கட்டுக் காயை வாழைநாரால் கட்டி எடுத்து வருவார். கடையில் இருபது ரூபாய்க்கு மேல் போகாத அக்கட்டு, ஏலத்தில் இருநூறு ரூபாய்க்குப் போனதை நான் கண்டிருக்கிறேன். "யார் வீட்டுக் காய் தெரியுமா?" என்று ஏலம் கூறுபவர் கேட்பார். ஊரே ஆச்சியைத் திரும்பிப் பார்க்கும். உண்டியலில் போட இருபது ரூபாய் இல்லாதவர் ஊருக்கு இருநூறு ரூபாய் வருவித்தார். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். எங்கள் ஊரில் முருங்கையே கொடுத்தது!

இங்கேதான் கணக்கு வருகிறது. கடை ஏலத்தில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு பணம் கொடுப்பவர். அறப்பணிக்கான ஏலத்தில் ஒரு பொருளுக்கு இரண்டு கொடையாளிகள்: பொருளைத் தந்தவர் ஒருவர், அதன் மதிப்புக்கு மேல் பணம் தந்தவர் மற்றொருவர். முன்னவரிடம் பணம் இல்லை, பொருள் இருக்கிறது. பின்னவரிடம் தோட்டம் இல்லை, பணம் இருக்கிறது. இருவரையும் ஒரே முற்றத்தில் சமமாக நிறுத்துவது இம்முறையின் முதற் சிறப்பு.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. 2005-இல் குவரி, மாஸ்லாண்டு, ஆண்டர்ஸ்டால், டர்னர் என்னும் நான்கு பொருளியல் அறிஞர்கள் அறப்பணி ஏலங்களைக் கணித முறையில் ஆராய்ந்தார்கள். வென்றவர் மட்டும் பணம் செலுத்தும் ஏலம் பொருள் திரட்டுவதற்குச் சிறந்த வழியன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளியது. கடை ஏலத்தில் நான் தோற்றால் எனக்கு ஒன்றுமில்லை. ஆதலால் விடாமல் கேட்பேன். கோயில் ஏலத்தில் என் அண்டை வீட்டார் ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தாலும் அந்த ஆயிரம் என் கோயிலுக்குத்தானே போகிறது? 'போகட்டும்' என்று நான் நிறுத்திக்கொள்வேன். கேள்வி சூடு பிடிக்காமலே முடியும். வென்றவரும் தோற்றவரும் ஆகிய அனைவருமே பணம் செலுத்தும் முறையில்தான் மிகுதியாகப் பொருள் சேரும் என்கிறது அவர்கள் கணக்கு.

எங்கள் ஊரார் இந்த ஆய்வைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அக்குறைக்கு மருந்து அவர்களிடம் உண்டு. ஏலம் எடுத்தவர் அப்பொருளைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுத்துவிடுவார். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஒரு பேச்சுக்கு, சந்தையில் 400 ரூபாய் பெறும் ஒரு வாழைத்தாரை எடுத்துக்கொள்வோம். முதல்வர் 1,500-க்கு எடுத்துத் திருப்பித் தருகிறார்; இரண்டாமவர் 1,200-க்கு எடுத்துத் திருப்பித் தருகிறார்; மூன்றாமவர் 800-க்கு எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகிறார். மொத்தம் 3,500 ரூபாய். ஒரே தார், பணம் செலுத்தியவர் மூவர். 'பலரும் செலுத்துக' என்று கணிதம் சொன்னதைப் பட்டறிவு தானே கண்டுகொண்டது. முட்டை ஒன்று இவ்வாறு பலர் கை மாறி உடையாமல் வருவது வேடிக்கையான காட்சி.

இஃது ஒரு சமயத்தாரின் வழக்கம் மட்டுமன்று. ஐதராபாத்தை அடுத்த பாலாப்பூரில் விநாயகர் கை லட்டு ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. 1994-இல் 450 ரூபாய்க்குப் போன லட்டு, 2024-இல் 30 இலட்சத்து ஆயிரம் ரூபாய்க்குப் போயிற்று. ஊர் வளர்ச்சிக்கும் கோயிலுக்கும் அப்பணம் பயன்படுகிறது.

ஆனால் தொகை பெரிதாகப் பெரிதாக ஒரு கேள்வியும் பெரிதாகிறது. அந்த ஏலத்தில் எளியவனுக்கு இடம் எங்கே? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது கிறித்தவ அறம். ஏலமோ கொடுப்பவர் பெயரை ஒலிபெருக்கியில் கூவுகிறது. போட்டி செருக்காக மாறினால், முற்றத்தில் நிற்கும் பலர் வேடிக்கை பார்ப்போராகி விடுகின்றனர். அவர்களைக் கொடையாளிகளாகக் காப்பது, அவர்கள் கொண்டு வந்த பொருள் ஒன்றுதான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம், இப்போது நான் குடியிருக்கும் சிவாஜிநகர். 1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படை முகாம் அமைத்த பிறகு தமிழர் பெருந்தொகையாக வந்து குடியேறினர். அதற்கும் முன்பே செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களே இன்றைய தூய மரியன்னைப் பேராலயத்தின் தொடக்கத்துக்குக் காரணர் என்பது வழிவழிச் செய்தி. பேராலயத்துக்கு அருகிலேயே இரசல் மார்க்கெட். 1927-இல் கட்டப்பட்டு 1933-இல் திறக்கப்பட்டது. இந்நகரின் தமிழ்ச் சபைகளிலும் அறுப்பின் பண்டிகை நடைபெறுகிறது. அதற்கு முந்திய நாள் மாலையில் மார்க்கெட்டில் நின்று பார்த்திருக்கிறேன். கரும்பும் பூசணியும் வாழைத்தாரும் ஆட்டோக்களில் ஏறிக் கோயிலுக்குப் போகின்றன.

இதில் தவறு என்ன? தோட்டம் இல்லாதவர் கடையில் வாங்காமல் என் செய்வர்? தவறு என்று நான் கூறவில்லை. கணக்கைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பொருளைப் பணம் கொடுத்து வாங்கி, பிறகு அதையே பணம் கொடுத்து ஏலம் எடுத்தால், இரு முனையிலும் பணமே நிற்கிறது. இரண்டு கொடையாளிகளுள் முதலாமவர், முருங்கைக் கட்டுடன் வந்தவர், மறைந்துபோகிறார். பணம் குறையவில்லை, கூடவும் செய்யலாம். ஆனால் காசில்லாதவர் கொடுப்பதற்கு இருந்த வாயில் அடைபட்டுவிடுகிறது.

அவ்வாயிலைத் திறந்து வைக்க நிலம் வேண்டியதில்லை. மிசோரம் மாநிலத்துப் பெண்கள் 1910 முதல், ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென எடுத்து வைக்கிறார்கள். அப்பிடி அரிசி இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகத் திரளுகிறது. நகரத்து மாடியிலும் தொட்டியில் கறிவேப்பிலை வளரும். ஊறுகாய் போடத் தெரிந்த கைகள் உண்டு. பூக்கட்டத் தெரிந்த கைகள் உண்டு. கூடை முடையத் தெரிந்த கைகள் உண்டு. 'வாங்கியதைக் கொண்டு வாருங்கள்' என்பதோடு, 'விளைத்ததையும் செய்ததையும் கொண்டு வாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்து அறிவித்தாலே போதும்.

மாணவ நண்பர்களே! நம் சங்கமும் ஆண்டுதோறும் விழாவுக்குப் பொருள் திரட்டுகிறது. நாம் அறிந்த வழி நன்கொடைச் சீட்டு ஒன்றுதான். சீட்டில் தொகை எழுத இயலாத தோழர் அன்றைக்கு ஒதுங்கிப் போவதை நாம் அறிவோம். கோயிலானாலும் சங்கமானாலும், பொருள் திரட்டுவோர் 'எவ்வளவு சேர்ந்தது?' என்று கேட்பதோடு நிற்காமல், 'எத்தனை பேர் கொடுக்க முடிந்தது?' என்றும் கேட்க வேண்டும். இரண்டாம் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும் இடத்தில், முதற் கேள்வியைப் பற்றி நாம் மிகவும் கவலைப்பட வேண்டியிராது.