பாராளுமன்றமும் வருவதறிதலும்

பாராளுமன்றத்தின் கடமைகள் யாவை என்று குடியியல் வகுப்பில் வினவினால், சட்டம் இயற்றுதல், பொதுப் பணத்தின் வரவு செலவை ஆராய்ந்து அனுமதித்தல், அமைச்சரை வினாவி நெறிப்படுத்தல் என மாணவர் மூன்றினைத் தயங்காது கூறுவர். இம்மூன்றும் பழையன. இவற்றை ஒழுங்காகச் செய்தற்கே இக்காலத்தில் நான்காவதொன்று வேண்டப்படுகின்றது. அது யாதெனின், புதிய தொழினுட்பம் ஒன்று மக்கள் வாழ்விற் புகுமுன்னரே, அதனால் விளையக்கூடிய நன்மை தீமைகளைச் சட்டமியற்றும் சபை தன் சொந்த முயற்சியால் ஆராய்ந்து அறிந்துகொள்ளுதல். கையிலுள்ள ஒரு தொழினுட்பத்தை அவ்வாறு ஆராய்வதைத் தொழினுட்ப மதிப்பீடு என்றும், இன்னும் தொலைவில் இருப்பதை நோக்கி ஆயத்தஞ் செய்வதை வருவதறிதல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இதன் தேவை எளிதில் விளங்கும். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ கமக்காரராகவோ வணிகராகவோ இருக்கலாம். அவர் இவ்வாரம் அணுக்கழிவைப் பற்றியும், அடுத்த வாரம் மரபணு மாற்றிய விதையைப் பற்றியும், அதற்கடுத்த வாரம் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் வாக்களிக்க வேண்டியவராகின்றார். இவற்றுள் ஒன்றையேனும் அவர் முறையாகக் கற்றிருப்பது அரிது. கற்றவர் யாவர்? அமைச்சின் அதிகாரிகள் கற்றவர். ஆயின் மசோதாவைக் கொணர்ந்தவரும் அவரே. பொருளைச் செய்து விற்கும் கம்பனியார் கற்றவர். ஆயின் அவர் விற்க வந்தவர். எதிர்த்து நிற்கும் இயக்கத்தாரும் ஓரளவு கற்றவரே. அவர்க்கும் ஒரு கட்சி உண்டு. இவர்கள் கண்ணாற் கண்டதையே உறுப்பினர் தாம் கண்டதாகக் கொண்டு வாக்களிக்கின்றார். இதனை இரவற் கண் என்பது மிகையாகாது.

இக்குறையை உணர்ந்து, அதற்கென ஒரு நிறுவனத்தை முதலில் அமைத்தவர் அமெரிக்கர். ஒலியினும் விரைந்து செல்லும் பயணிகள் விமானத்தை அரசாங்கப் பணங்கொண்டு உருவாக்கும் திட்டம் 1960களில் அந்நாட்டிற் பெரும் வாதத்தை எழுப்பிற்று. அதன் பேரிரைச்சல், வான்மண்டலத்துக்கு அது செய்யக்கூடிய கேடு, அதன் செலவு ஆகியவை பற்றி அரசாங்கத்தார் கூறுவதைச் சரிபார்த்தற்குக் கொங்கிரசுக்குத் தனி வழி இருக்கவில்லை. பல ஆண்டுகள் பணம் வழங்கியபின், 1971இல் அது பணத்தை மறுத்துத் திட்டத்தை நிறுத்தியது. கனெற்றிக்கற்று மாநிலத்துப் பிரதிநிதியாயிருந்த எமிலியோ டடாரியோ என்பவர், இத்தகைய வினாக்களை ஆராயக் கொங்கிரசுக்கே உரிய அலுவலகம் வேண்டுமெனப் பல ஆண்டுகள் வாதாடி வந்தார். 1972 ஒக்டோபரில் அதற்கான சட்டம் நிறைவேறியது. தொழினுட்ப மதிப்பீட்டு அலுவலகம் எனப் பெயர் பெற்ற அதற்கு டடாரியோவே முதற் பணிப்பாளரானார்.

அவ்வலுவலகம் அமைந்த வகை நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அதனை ஆண்ட சபையில் செனற் சபையினர் அறுவர், பிரதிநிதிகள் சபையினர் அறுவர். இரு சபையிலும் இரு கட்சியார்க்கும் சமமான இடம். ஆளுங் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத ஓர் இடத்தைக் கொங்கிரசு தானே விரும்பி ஆக்கிக் கொண்டது. ஆய்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதில் அறிஞர் மட்டுமன்றித் தொழிற்சாலையார், தொழிலாளர் சார்பினர், எதிர்ப்பாளர் எனப் பொருளோடு தொடர்புடைய பலரும் அமர்ந்தனர். ஈற்றில் வெளிவரும் அறிக்கை ‘இதைச் செய்க’ என்று கூறாது; இன்ன வழியிற் சென்றால் இன்னது விளையும், மற்றை வழியிற் சென்றால் மற்றது விளையும், தெரிவு உங்களுடையது என்று நின்றுவிடும். எம் கல்லூரி விவாத அரங்குகளில் ஒரு கட்சியை எடுத்து மறுகட்சியை வெட்டிப் பேசிப் பழகிய பழைய மாணவர்க்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் வாக்களிப்பவருக்கு வேண்டியது இதுவே.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி எனப்படுவதை வேலைக்கு ஆட்களைத் தெரிவதற்குப் பயன்படுத்துதல் அந்நாட்டில் மிகப் பரவியிருந்தது. 1983இல் அவ்வலுவலகம் அதனை ஆராய்ந்து, அப்பயன்பாட்டுக்குப் போதிய விஞ்ஞானச் சான்று இல்லையென்று காட்டியது. 1988இல் தனியார் தொழில்தருநர் பெரும்பாலோர்க்கு அதனைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. மற்றையது இதனினும் துணிவு வேண்டியது. வானிலிருந்து ஒளிக்கதிர்களை ஏவி எதிரியின் ஏவுகணைகளை அழித்துவிடலாம் என்று சனாதிபதி றேகன் 1983இல் நாட்டுக்கு நம்பிக்கையூட்டினார். மறு ஆண்டில், அஷ்ரன் காட்டர் என்னும் இளம் பௌதிக அறிஞர் அலுவலகத்துக்காக எழுதிய அறிக்கை, முழுமையான பாதுகாப்பு என்பது அதன்மேல் நாட்டின் கொள்கையைக் கட்டமுடியாத அளவு தொலைவிலுள்ளது என்று கூறியது. பாதுகாப்புத் திணைக்களத்தார் அதனை மீளப் பெறுமாறு கேட்டனர். அலுவலகம் வேறு வல்லுநரைக் கொண்டு அதனை மீண்டும் ஆராய்வித்துத் தன் அறிக்கையில் உறுதியாக நின்றது. அக்காட்டரே பின்னாளிற் பாதுகாப்புச் செயலாளராக 2015இல் பதவியேற்றார் என்பது ஒரு சுவையான செய்தி.

இத்தகைய அலுவலகம் இன்று இல்லை. 1994 நவம்பர்த் தேர்தலில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கொங்கிரசின் இரு சபைகளும் குடியரசுக் கட்சியார் கைக்கு வந்தன. செலவைக் குறைப்போம், முதலில் எம் வீட்டிலேயே குறைப்போம் என்று அவர்கள் வாக்களித்திருந்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் டொலர் செலவான அலுவலகம் கண்ணிற்பட்டது. 1995 செப்ரெம்பர் 29இல் அது மூடப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 750 ஆய்வுகளை வெளியிட்டிருந்தது. அதனை ஆக்கிய சட்டமோ நீக்கப்படவில்லை. பணம் மட்டும் நின்றது. சட்டத்தில் உயிரோடும் வரவு செலவில் இறந்தும் இருக்கும் நிறுவனம் உலகில் அரிது. அதன்மேற் சொல்லப்பட்ட குற்றங்களுள் ஒன்றை நாம் தள்ளிவிட முடியாது. ஓர் ஆய்வு முடிய ஓராண்டு, இரண்டாண்டு சென்றது. சில வேளை வாக்கெடுப்பு முடிந்தபின் அறிக்கை வந்தது. பின்னர் 2019இல் கொங்கிரசின் கணக்காய்வு அலுவலகத்தில் இதே பணிக்கென ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. இல்லாமற் கழிந்த ஆண்டுகளோ இருபத்துக்கு மேல். இணையமும் கைத்தொலைபேசியும் உலகை மாற்றிய ஆண்டுகள் அவை.

தாமதம் எப்பொழுதும் குற்றந்தானா? பிரான்சு நாட்டு வரலாறு வேறுவிதமாகக் கூறும். அணுமின் நிலையங்களால் வரும் நெடுங்காலக் கழிவை நிலத்தின் ஆழத்தில் அடக்கம் செய்ய இடந்தேடி, 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டுக் கழிவு முகவர் நிலையத்தார் நான்கு மாவட்டங்களில் நிலத்தைத் துளைத்து ஆராய முற்பட்டனர். ஊர்மக்கள் எதிர்த்தெழுந்தனர். வல்லுநர் ‘பயமில்லை’ என்று கூறக் கூற மக்களின் அச்சம் பெருகியதேயன்றிக் குறையவில்லை. 1990 பெப்ரவரியிற் பிரதமர் றொக்கார் வேலையை நிறுத்திவைத்தார். அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றுண்டு. அங்கே ஆராய்ச்சி செய்வோர் கூலிக்கு அமர்த்தப்பட்ட அறிஞர் அல்லர். உறுப்பினர்களே அறிக்கை எழுதுவர். கிறித்தியான் பத்தாய் என்ற உறுப்பினரிடம் பொறுப்பு வந்தது. அவர் விஞ்ஞானிகளை வினாவியதோடு அமையாது, எதிர்த்த ஊர்களுக்கும் சென்று கேட்டார்.

அவர் கண்டறிந்தது, மக்கள் அஞ்சியது கழிவை மட்டுமன்று, மீளமுடியாத முடிவையும் என்பது. அதன் பயனாக 1991 டிசம்பர் 30ஆம் நாட் சட்டம் ஒரு முடிவையும் எடுக்காமல், முடிவுக்கு வரும் வழியை வகுத்தது. கழிவின் கூறுகளைப் பிரித்து வேறாக மாற்றல், ஆழத்திற் புதைத்தல், நெடுங்காலம் மேலே காத்துவைத்தல் என்னும் மூன்று வழிகளையும் பதினைந்து ஆண்டு ஆராயவேண்டும்; ஆய்வு முன்னேறுவதைத் தனிக்குழு ஒன்று ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும்; அதன்பின்னர்ப் பாராளுமன்றமே மீண்டும் கூடித் தீர்மானிக்கவேண்டும். 2006இல் அவ்வாறே தீர்மானித்தது: ஆழத்திற் புதைக்கலாம், ஆயின் பிற்காலத்தார் விரும்பினால் மீள எடுக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். பியூர் என்னும் சிற்றூரருகே அதனை அமைக்க 2023 சனவரியில் விண்ணப்பஞ் செய்யப்பட்டது. எதிர்ப்பு ஓய்ந்துவிடவில்லை. பதினைந்து ஆண்டு பொறுத்திருக்க ஒரு சட்டசபை தன்னைத் தானே கட்டிக்கொண்டதே இங்கு நான் வியப்பது. தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். கழிவின் ஆயுளோ பல்லாயிரம் ஆண்டு.

ஏனை நாடுகளைச் சுருங்கக் கூறுவோம். பிரித்தானியாவில் 1989இல் எழுந்த அலுவலகத்துக்குப் பாராளுமன்றம் தொடக்கத்திற் பணம் கொடுக்கவில்லை, நன்கொடையால் நடந்தது. நான்கு பக்கத்துக்குள் ஒரு பொருளை அடக்கிக் கூறும் அதன் குறிப்புகள் பின்னர்ப் புகழ்பெற்றன. அமெரிக்கரின் தாமதத்துக்கு இஃது ஒரு நல்ல மறுமொழி. 2001இல் அது நிலையான அலுவலகமாயிற்று. ஜேர்மனியின் அலுவலகம் 1990இல் தோன்றியது. அம்மொழியில் இக்கலைக்கு வழங்கும் நெடுஞ்சொல்லைப் பிரித்தால் தொழினுட்பம், விளைவு, கணித்தல் என மூன்றாகும். ஆங்கிலப் பெயர் விட்டுவிட்ட ‘விளைவு’ இங்கே நடுவில் நிற்றல் தமிழாசிரியன் கண்ணுக்கு இனிது. பரந்த நிலப்பரப்பிற் பல நாட்கள் மின்சாரம் அற்றுப்போனால் என்ன நிகழும் என்று அவர்கள் ஆராய்ந்த அறிக்கை 2011இல் வெளிவந்தது. தொலைபேசி அடங்கும், எரிபொருள் நிலையத்துப் பம்பி இயங்காது, ஒரு நாளிலேயே வைத்தியசாலைகள் தளரத் தொடங்கும் என்று ஒன்று மற்றொன்றை இழுத்து வீழ்த்தும் வகையை அது காட்டியது. டென்மார்க்கிலோ 1987 முதல் பொதுமக்களுட் பதினைந்து பேர் வரையில் தெரிந்து, ஒரு பொருளை அவர்க்குப் படிப்பித்து, வல்லுநரை அவர்கள் முன் நிறுத்தி வினாவச்செய்து, முடிவை அவர்கள் கையாலேயே எழுதுவிக்கும் முறை வளர்ந்தது. அதனை வளர்த்த சபைக்கும் 2011இன் முடிவோடு அரசு உதவி நின்றது. இந்நிறுவனங்கள் எங்கும் மெல்லிய நூலிலேயே தொங்குகின்றன.

இனி, வருவதறிதல். இதனைச் சோதிடத்தோடு மயங்கலாகாது. சோதிடர் ஒன்றே நிகழும் என்பார். இங்கோ பல நிகழலாம் எனக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இன்று செய்யத்தக்கது யாது எனக் கேட்கப்படும். பின்லாந்து இதில் முன்னிற்கின்றது. 1990களின் தொடக்கத்திற் சோவியத்து நாட்டோடு இருந்த வாணிகம் அற்றுப்போக, வங்கிகள் தள்ளாட, அந்நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சி கண்டது. ‘இது வருமென்று எம்மிடம் ஏன் ஒருவரும் கூறவில்லை’ என்ற கேள்வி எழுந்த அக்காலத்தில், 1993இல், பாராளுமன்றம் எதிர்காலக் குழுவை அமைத்தது. 2000இல் அது நிலைக்குழுவாயிற்று, உறுப்பினர் பதினெழுவர். ஒவ்வொரு பாராளுமன்றத் தவணையிலும் அரசாங்கம் எதிர்காலம் பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பிக்க, குழு அதற்கு மறுமொழி எழுதுகின்றது. நாளைய பேச்சை இன்றைய ஆட்சியாளர் தட்டிக்கழிக்க இடமில்லாமற் செய்தமையே அதன் வலிமை.

இலங்கைப் பாராளுமன்றத்துக்கு இவ்வகை அலுவலகம் கிடையாது. அதன் பொருள் யாதென்பதை 2021ஆம் ஆண்டு நாம் கண்டோம். அவ்வாண்டு மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. இடையிற் பெரும்போகம் தொடங்கிவிட்டது. நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. சேதனப் பசளை நன்றோ தீதோ என்பதன்று வினா. நெல்லுக்கு வேண்டிய நைதரசனைச் சேதனப் பசளையால் நிறைக்க எத்தனை தொன் வேண்டும், அது எங்கே உண்டு, வயலுக்கு எப்படிச் சேரும், தேயிலைக்கும் மரக்கறிக்கும் இதே கணக்குத்தானா, ஒரு போகத்துக்குப் பதிலாகப் பத்தாண்டிற் படிப்படியாகச் செய்தால் யாது செலவு என்பனவே வினாக்கள். ஆட்டுப்பட்டி அடைத்தும் பூவரசங் குழை தாழ்த்தும் செம்மண்ணை வளப்படுத்திய யாழ்ப்பாணத்துக் கமக்காரர், எரு ஒரு நாளில் உண்டாவதன்று என்பதை எழுதப் படிக்காமலே அறிவர். அவரை வினாவி, விவசாயத் திணைக்கள ஆய்வாளரையும் வினாவி, நான்கு பக்கத்தில் உறுப்பினர் கையில் முன்கூட்டிக் கொடுப்பதற்கு ஒருவர் தேவைப்பட்டார்.

பெருஞ்செலவு வேண்டியதன்று இது. விஞ்ஞானம் கற்ற சிலரும், வினாவத் தெரிந்த சிலரும், மூன்று மொழியிலும் தெளிவாக எழுத வல்லாரும் போதும். கடினமானது ஒன்றுண்டு. இரு திறத்தாரும் படித்து ‘எம் பக்கத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறார்’ என்று ஒப்புமாறு எழுதுதலே அது. எம் பரீட்சைகளில் ‘ஆதரித்து எழுதுக’, ‘எதிர்த்து எழுதுக’ என்று கட்டுரை கேட்கின்றோம். இந்த மூன்றாவது வகையைக் கேட்பதில்லை. இவ்வாண்டு முதல் என் உயர்தர வகுப்பில் மாதம் ஒரு கட்டுரை அவ்வாறு எழுதுவிக்கின்றேன். முதற் பொருள் மன்னார்த் தீவின் காற்றாலைகள். முப்பத்திரண்டு தாள்களில் நான்கே தேறின. அந்நான்கையும் கல்லூரி நூலகத்தில் வைத்திருக்கின்றேன், பழைய மாணவர் வரும்போது படித்துப் பார்க்கலாம்.