தண்ணி குடிக்கும் வண்டி

அம்பாசடர் வைத்திருந்த வீடுகளில் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கேன் இருக்கும். அது ரேடியேட்டருக்கான தண்ணீர். காலையில் பானெட்டைத் தூக்கி, மூடியைத் திருகி, விரலை விட்டுப் பார்த்து, குறைந்ததை ஊற்றி நிரப்பிய பிறகுதான் டிரைவர்கள் சாவியைத் திருப்புவார்கள். எங்கோ சொட்டுச் சொட்டாக ஒழுகும். எங்கே என்று பெரிதாக யாரும் தேடியதில்லை. "வண்டி தண்ணி குடிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அந்த அலட்சியத்தை அந்த எஞ்சின் பொறுத்துக்கொண்டது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரான அந்தக் காருக்கு நெடுங்காலம் இதயமாக இருந்தது, இங்கிலாந்தின் பி.எம்.சி. வடிவமைத்த 1489 சி.சி. எஞ்சின். பிளாக்கும் ஹெட்டும் கனத்த வார்ப்பிரும்பு. ஒருமுறை கொதித்தாலும் ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றினால் மறுபடி கிளம்பிவிடும். பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட், பிரீமியர் பத்மினி என்றாலும், சென்னைக்கு அருகே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றாலும் அன்றைய நடைமுறை இதுதான்.

மலைப்பாதையில்தான் குட்டு வெளிப்படும். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து, பர்லியார் ஏறும்போது வெப்பமுள் மெல்ல நகரும். சாலையோர ஓடைகளிலும் குழாயடிகளிலும் கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். ஏற்றத்தில் எஞ்சின் திணறுவது ஒரு காரணம் என்றால், உயரம் இன்னொரு காரணம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது. 93 டிகிரியை நெருங்கும்போதே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி என்ற கணக்கில் கொதிநிலையும் உயரும். ஆனால் அன்றைய வண்டிகளில் மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து, அழுத்தம் நிற்கவே நிற்காது. மூடி போனதும் ஒரு கசிவுதான் என்று நினைத்தவர்கள் குறைவு.

வழியில் நின்றுவிட்டால் கைவசம் சில வைத்தியங்கள் உண்டு. ஹோஸ் வெடித்தால் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுவது. ரேடியேட்டரில் சிறு துளை விழுந்தால் சோப்புக்கட்டியைத் தேய்த்து அடைப்பது. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது மஞ்சள்தூள். ஒரு கை மஞ்சளை ரேடியேட்டரில் கொட்டி எஞ்சினை ஓடவிட்டால், தூள் ஊறிப் பருத்துக் கசிவின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒழுகுவது நின்றுவிடும். நடுவழியில் குழந்தைகுட்டிகளோடு நிற்பவருக்கு அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை.

ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய தட்டைக் குழாய்களிலும் அதுதான் போய்ப் படியும். அதோடு ஆண்டுக்கணக்கில் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு உள்சுவரில் ஓடாகப் பிடித்திருக்கும். வெறும் தண்ணீரில் ஊறிய வார்ப்பிரும்பு துரு வேறு உதிர்க்கும். மூன்றும் சேர்ந்து பிளாக்கின் அடியில் சேறாக இறுகிவிடும். பழைய எஞ்சினின் பிளாக்கில் உள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். பலவற்றில் ஒரு சொட்டுகூட வராது. கம்பியை விட்டுக் குத்தினால் பழுப்புக் களிம்புதான் வரும். இன்று பழைய கார் வாங்குகிறவர்கள் சந்திக்கும் வெப்பத் தொல்லைகளில் பெரும்பங்கு, 30, 40 ஆண்டுகளுக்கு முன்னால் ஊற்றிய உப்புத் தண்ணீரின் மிச்சம் என்பது என் உறுதியான எண்ணம்.

கசிவுக்கு முறையான வைத்தியம் செய்தவர்கள் ரேடியேட்டர் பட்டறைக்காரர்கள். ஒவ்வொரு ஊரிலும் பேருந்து நிலையத்துக்கோ லாரிப்பேட்டைக்கோ பக்கத்தில் அப்படி ஒரு கடை இருக்கும். வாசலில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே கேஸ் விளக்கு, ஈயக்கட்டிகள், ஒரு ஜாடியில் ஆசிட். கழற்றி வந்த ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, தொட்டியில் முக்கி, காற்றை அடிப்பார்கள். குமிழி எழும் இடத்தில் சாக்பீஸ் குறி. மேல்தொட்டியின் ஈயப்பற்றைச் சூட்டில் இளக்கி அதைத் தனியாக எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய எஃகுப் பட்டையை மேலும் கீழும் ஓட்டி உப்பைச் சுரண்டுவார்கள். தேறாத குழாயின் இரு முனைகளையும் நசுக்கி ஈயம் வைத்து மூடிவிடுவார்கள். மறுபடி தொட்டியைப் பற்றவைத்து, மறுபடி தண்ணீரில் முக்கிச் சோதனை. செம்பும் பித்தளையும் ஈயமும் சேர்ந்த அந்தப் பொருளை எத்தனை முறை பிரித்தாலும் திரும்பச் சேர்க்கலாம். மூச்சில் ஈயப்புகையை வாங்கிக்கொண்டே, முகக்கவசம்கூட இல்லாமல் அந்தக் கைவேலையைச் செய்தார்கள். அதற்குரிய மரியாதையை நாம் அவர்களுக்குத் தரவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஹெட் அலுமினியம், ரேடியேட்டரோடு ஒரு சேமிப்பு பாட்டில், உள்ளே தண்ணீருக்குப் பதில் பச்சைக் கூலண்ட். இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும். லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்யாமல் மறுபடி மாட்ட முடியாது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டும் பழக்கம் அங்கே செல்லாமல் போனது. பிறகு வந்த கார்களில் ரேடியேட்டரே மாறிவிட்டது. நடுவில் அலுமினியம், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, இடையில் ரப்பர் வைத்து மடித்துக் கடித்த விளிம்பு. பிளாஸ்டிக் விரிசல் விட்டால் ஈயம் ஒட்டாது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டியதுதான். பட்டறைகளின் தொட்டிகள் காய்ந்துபோனது அதனால்தான்.

இன்றைய ஓட்டுநருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பல புதுக் கார்களில் வெப்பமுள்ளையே எடுத்துவிட்டார்கள். சிவப்பு விளக்கு எரியும்போதுதான் விஷயம் தெரியும். கூலண்ட் முழுதும் ஒழுகிவிட்டால், திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டிய சென்சார் வெறும் ஆவியை அளந்துகொண்டு சரியான சூட்டைச் சொல்லாமலும் போகலாம். சாவியைத் திருப்பும் முன் பானெட்டைத் தூக்கிப் பார்த்த அந்தக் காலைப் பழக்கம் இன்றும் தேவை.

சரி, பழைய எஞ்சினில் இன்று கசிவு வந்தால் என்ன செய்வது? எங்கள் குடும்பத்து அம்பாசடர் மார்க் 4 இன்னும் ஓடுகிறது. அதற்குப் பழைய கையும் புதிய கருவியும் சேர்ந்தே வேண்டியிருக்கின்றன.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் சிறு கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்துத் தேடுவது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே ஈரம் வந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்த புண்ணியவான்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். பிளாக்கின் பக்கத்தில் வட்டத் தகடுகள் தெரியும், கோர் பிளக் என்பார்கள். வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட துளைகளை மூடுபவை அவை. வெறும் தண்ணீர் ஓடிய எஞ்சினில் அவை உள்ளிருந்து அரித்து, ஒருநாள் ஊசித்துளையாகத் திறந்துகொள்ளும். ஒன்று ஓட்டையானால் எட்டும் இடத்தில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது. மற்றவையும் அதே தண்ணீரில் ஊறியவைதானே.

வெளியே ஈரமே இல்லாமல் மட்டம் இறங்கினால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் படிந்திருக்கிறதா, சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வருகிறதா, ரேடியேட்டரில் குமிழி கிளம்புகிறதா என்பதை அன்றும் பார்த்தார்கள். இன்று ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதில் உள்ள நீலத் திரவம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்த்து, எஞ்சினில் எரிந்த வாயு உள்ளே கசிவதை உறுதிசெய்கிறார்கள். ஹெட்டை வீணாக இறக்கும் செலவு மிச்சம். இறக்கி ஏற்றும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்குவது நல்லது. கைப்பக்குவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் கருவியைத்தான் நம்புவேன்.

கசிவை நிறுத்திய பிறகு தண்ணீரா, கூலண்டா? கூலண்டுதான். நம் ஊரில் தண்ணீர் உறையாது, அதனால் அது வேண்டாம் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு அதில் வேண்டியது துருவைத் தடுக்கும் மருந்து. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கூலண்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர். ஈயப்பற்று வைத்த பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய பச்சை வகையே பொருந்தும். ஆரஞ்சு, சிவப்பு வகைகளை அதோடு கலக்கக் கூடாது, கலந்தால் கட்டிதட்டலாம். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். புதுக் கார் மூடியைப் பழைய ரேடியேட்டரில் மாட்டாதீர்கள். 13 முதல் 16 பவுண்டு வரை தாங்கும் அந்த மூடி உங்கள் பழைய ஈயப்பற்றைப் பிளந்துவிடும். பழைய மெக்கானிக் கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடுங்கள். அது இல்லாத எஞ்சின் சூடேற நேரமெடுக்கும், பெட்ரோலையும் கூடுதலாகக் குடிக்கும்.

உங்கள் ஊரில் ரேடியேட்டர் பட்டறை ஒன்று இன்னும் திறந்திருந்தால், பழைய செம்பு ரேடியேட்டரை எடைக்குப் போடாமல் அங்கே கொண்டுபோங்கள். சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அன்று ரேடியேட்டரில் இருந்து வடித்த தண்ணீரைத் தெருவில் கொட்டினோம். வெறும் தண்ணீர், கெடுதல் இல்லை. இன்று வடிப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், தவழும் குழந்தையும் கைவைக்கும், கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தை அழித்து உயிரை எடுத்துவிடும். ஒரு தட்டில் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே எழுதி ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். பிறகு பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு ஒப்படையுங்கள்.