நெல்லை இருப்பு வைப்பதில் லாப நஷ்டம்

சம்பா அறுவடை தை, மாசி மாதங்களில் ஒருங்கே நிகழ்வதால் நெல் சந்தையிற் குவிந்து விலை தாழ்கிறது. அடுத்த குறுவை களத்துக்கு வருமுன் விலை சற்று ஏறுவதும் வழக்கமே. இவ்வேற்றம் முழுவதும் லாபமென்று குடியானவர் பலர் கருதுகின்றனர். அங்ஙனம் கருதுவது சரியன்று.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ நெல்லைக் களத்திலேயே 2,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை விற்காமல், ஈரம் 14 சதவீதமாகும் வரை உலர்த்தினால் 93 கிலோவே நிற்கும். எலியும் வண்டும் 2 கிலோவைத் தின்றால் மிஞ்சுவது 91 கிலோ. நான்கு மாதத்திற்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் வட்டி 80 ரூபாய். சாக்குக்கும் வாடகைக்கும் 40 ரூபாய். ஆக அடக்கம் 2,120 ரூபாய். பின்னர் விலை குவிண்டாலுக்கு 2,200 ரூபாயாக ஏறினும், 91 கிலோவுக்குக் கிடைப்பது 2,002 ரூபாயே. நஷ்டம் 118 ரூபாய். விலை 2,330 ரூபாய்க்கு ஏறினாலன்றி முதலே கட்டாது.

இச்செலவுகளுள் உலர்த்துவதால் வரும் எடைக் குறைவு தவிர்க்க இயலாதது. ஈரத்தோடு கட்டிவைத்த நெல் சூடேறிப் பூசணம் பிடித்து, அதனினும் பெருநஷ்டம் விளைக்கும். ஆனால் எலி, வண்டுகளின் சேதத்தைக் குறைப்பது நம் கையில் உள்ளது. பத்தாயத்தின் வெடிப்புகளைப் பூசியடைத்தல், பழைய நெல்லோடு புதியதைக் கலவாமை, மூட்டைகளைச் சுவரினின்று விலக்கிப் பலகைமேல் அடுக்குதல் ஆகியவற்றிற்குச் செலவு சொற்பமே.

கடன்பட்டோர் நிலைமை வேறு. தவணைக்கு அஞ்சி அவர்கள் தாழ்ந்த விலைக்கே விற்றுவிட, பின்வரும் விலையேற்றம் கிடங்குடைய வியாபாரியைச் சேர்கிறது. இதற்குப் பரிகாரமாக, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1957-இல் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும், 1958-இல் இந்நாளில் தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் எனப்படுவதும் ஏற்பட்டன. கிடங்கில் நெல்லை ஒப்புவித்துப் பெறும் ரசீதை ஈடாக வைத்துப் பாங்கியில் கடன் பெறலாம். நெல்லை அவசரப்பட்டு விற்க வேண்டுவதில்லை. எனினும் அக்கடனுக்குரிய வட்டியையும் கிடங்கு வாடகையையும் மேற்கண்ட கணக்கிற் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

அரசாங்கத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களிலோ, அக்கொள்முதல் பருவம் முழுவதும் ஒரே விலை. அங்கு விற்கக் கருதுவோர் ஈரத்தை விதித்த 17 சதவீதத்துக்குள் அடக்கி விரைவில் சேர்ப்பதே நலம். காத்திருப்பதால் எடை குறையுமேயன்றி விலை கூடாது.

ஆதலின் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டுமுன் இக்கணக்கைத் தத்தம் விலைக்கும் வட்டிக்கும் ஏற்பக் குடியானவர் ஒவ்வொருவரும் போட்டுப் பார்ப்பாராக.