சிவப்பு விளக்குக்கு மோட்டார் சைக்கிள் தெரியுமா?

சாலைச் சந்திப்புகளில் உள்ள போக்குவரத்து விளக்குகள் இரண்டு வகைப்படும். ஒன்று, கடிகாரக் கணக்குப்படி மாறுவது. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் அது பச்சையாகிவிடும். மற்றொன்று, வண்டி வந்து நிற்பதை உணர்ந்து வழிவிடுவது. இந்த இரண்டாவது வகையில் ஒரு சிக்கல் உண்டு. காரையும் லாரியையும் தவறாமல் உணரும் விளக்கு, தனியாக வந்து நிற்கும் மோட்டார் சைக்கிளைச் சில வேளைகளில் உணர்வதில்லை. ஓட்டுநர் பொறுமை இழந்து சிவப்பிலேயே கிளம்பினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் சில மாநிலங்களில், குறிப்பிட்ட நேரம் காத்திருந்தும் விளக்கு மாறாவிட்டால் மோட்டார் சைக்கிள்காரர் கவனமாகக் கடந்து செல்லலாம் என்று சட்டமே செய்திருக்கிறார்கள்!

சாலைக்கடியில் ஒரு சுருள்

விளக்கு வண்டியை எப்படி உணர்கிறது? எடை பார்த்து என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் தார்ச்சாலையை அறுத்து, அந்தப் பள்ளத்தில் மின்கம்பியைச் சதுரமாக மூன்று நான்கு சுற்றுகள் பதித்திருப்பார்கள். பக்கம் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். அதில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. எனவே சுருளைச் சுற்றி, அதே வேகத்தில் மாறும் காந்தப் புலம் உண்டாகிறது.

மாறும் காந்தப் புலம் ஒரு கடத்தியில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். சுருளின் மேல் வந்து நிற்கும் வண்டியின் உலோகத்திலும் அவ்வாறே 'சுழல் மின்னோட்டம்' எழுகிறது. அது தன்னைத் தோற்றுவித்த புலத்தையே எதிர்க்கிறது. இதனால் சுருளின் தூண்டல் திறன் குறைந்து, சுற்றின் அதிர்வெண் சிறிது கூடுகிறது. சாலையோரப் பெட்டியிலுள்ள கருவி இந்த மாற்றத்தைக் கண்டு, 'வண்டி வந்திருக்கிறது' என்று முடிவு செய்கிறது.

ஆகவே எடைக்கு இங்கே வேலை இல்லை. இரும்புதான் வேண்டும் என்பதும் இல்லை, அலுமினியமும் போதும். ரப்பர் டயர் தடுக்குமோ என்ற ஐயமும் வேண்டாம். ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப் புலத்தைத் தடுக்காது. வண்டியின் அடியில் காந்தம் ஒட்டிக்கொண்டால் விளக்கு மாறும் என்பதும் வீண் நம்பிக்கையே.

எங்கே நிற்பது?

காரின் அடிப்பாகம் அகலமான உலோகப் பரப்பு. அது சுருளின் தூண்டல் திறனைச் சில சதவீதம் குறைத்துவிடும். சிறிய மோட்டார் சைக்கிளால் ஏற்படும் மாற்றமோ ஒரு சதவீதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதற்குக் காரணம் உருவம். சுருளின் நடுவில் காந்தக் கோடுகள் செங்குத்தாக எழுகின்றன. மோட்டார் சைக்கிளும் நிமிர்ந்து நிற்கும் ஒல்லியான பொருள். எனவே கோடுகள் அதன் பக்கவாட்டில் உரசிச் செல்கின்றனவே தவிர, ஊடுருவுவது குறைவு.

கம்பிக்கு நேர் மேலே நிலைமை வேறு. அங்கே கோடுகள் கம்பியைச் சுற்றி வளைந்து கிடைமட்டமாகச் செல்கின்றன. இரு சக்கரங்களும் கம்பியின் மேலேயே அதன் நீளவாட்டில் இருக்குமாறு நிறுத்தினால், சக்கர வளையங்களைக் கோடுகள் குறுக்கே துளைத்துச் செல்லும். சாலையில் தார் அடைத்த சதுரக் கோடு தென்பட்டால், அதன் நடுவில் நிற்காமல் பக்கக் கோட்டின் மீது நிற்க வேண்டும் என்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்

வலிமையான காந்தம் ஒன்றை நூலில் கட்டி ஆடவிடுங்கள். பிறகு கனமான அலுமினியத் தகட்டை அதன் அடியில் தொடாமல், மிக அருகில் வைத்து ஆடவிடுங்கள். அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. ஆனாலும் ஆட்டம் விரைவில் அடங்கும். தடுப்பது சுழல் மின்னோட்டமே.

சென்னையில் கண்ட வழி

இந்தியாவில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று இருசக்கர வண்டிகள். அவை தடம் பிரித்து வரிசையாகச் செல்வதில்லை. கிடைத்த இடைவெளியில் எல்லாம் நுழைகின்றன. காருக்கும் ஒழுங்கான தடத்துக்கும் ஏற்ப உருவான சுருள் இங்கே எப்படிப் பொருந்தும்?

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடை கண்டு, 2012இல் வெளியிட்டனர். பெரிய சுருளுக்குள் சிறிய சுருளை அமைத்து, இரண்டையும் தொடராக இணைத்தனர். பெரியது பேருந்தை உணர, சிறியது சைக்கிளையும் உணரும். இத்தகைய சுருள்கள் பலவற்றைச் சாலையின் அகலம் முழுவதும் பரப்பினால், வண்டி எந்த இடத்தில் வந்தாலும் அகப்படும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், கார், பேருந்து என்று இனம் பிரித்து எண்ணவும் முடிந்தது. நமக்கு அண்டை நகரான திருவனந்தபுரத்தில், சி-டாக் நிறுவனம் நம் நாட்டு நெரிசலுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் விளக்கு முறையை உருவாக்கியுள்ளது. சுருளுக்குப் பதிலாகக் கேமராவைப் பயன்படுத்தும் சந்திப்புகளும் இன்று பல.

குழித்துறைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்ட விடியுமுன் பைக்கில் கிளம்பும் தொழிலாளியும், பேருந்தில் செல்லும் பயணியும் சாலைக்குச் சமமானவர்களே. கருவி யாரைக் காண வேண்டும் என்பதை இயற்பியல் முடிவு செய்வதில்லை. அதை வடிவமைப்பவர்களே முடிவு செய்கிறார்கள்.