செம்புச் சுரங்கமும் கற்சம்மட்டியும்

கருவி இயன்ற பொருளைக் கொண்டு காலத்தை வரையறுக்கும் முறையை டென்மார்க்கு நாட்டு அறிஞர் தாம்சன் 1836-இல் நூல்வடிவில் வெளியிட்டார். கல், வெண்கலம், இரும்பு என அவர் வகுத்த முப்பகுப்பு இன்றும் நம் வகுப்பறைகளில் வழங்குகின்றது. பகுப்புப் பயனுடையதே. ஆயினும், உலோகம் தோன்றியவுடன் கல் ஒழிந்தது என மாணவர் சிலர் கொள்வர். செம்பை மலையினின்று வெளிக்கொணர்ந்த கருவி யாது என வினவின், அக்கொள்கை பொருந்தாமை புலனாகும்.

செம்பு மென்மையுடையது; கடும்பாறையில் மோதின் மழுங்கும். அரிதிற் பெற்ற உலோகத்தை அவ்வாறு தேய்த்தல் இழப்புமாகும். ஆதலின், பண்டைச் சுரங்கத் தொழிலாளர் கல்லையே நாடினர். பாறைமுகத்தில் விறகடுக்கித் தீ மூட்டுவர். வெப்பத்தால் பாறை வெடித்துத் தளரும். பின்னர்க் கற்சம்மட்டியால் அதனைத் தகர்ப்பர். கொம்பும் எலும்பும் பிளவுகளைத் தோண்டப் பயன்பட்டன. எடுத்த தாதுவை நொறுக்கவும் கல்லே உதவிற்று.

செர்பிய நாட்டு ருட்னா கிளாவா என்னும் இடத்தில் கி.மு. 5000 அளவினதாகிய செம்புச் சுரங்கம் உளது. அங்கே கற்சம்மட்டிகளும் மான்கொம்புக் கருவிகளும் கிடைத்தன. அச்சம்மட்டிகளின் இடைப்பகுதியில் சுற்றுப் பள்ளம் காணப்படும். பள்ளத்தின் பயனைத் தென்னமெரிக்கச் சிலி நாடு விளக்கும். ஆங்குச் சூக்கிகமாட்டாப் பழஞ்சுரங்கத்தில் 1899-இல் தொழிலாளி ஒருவரின் உடல் கெடாது கிடைத்தது, காலம் கி.பி. 550 அளவு. உடன் கிடைத்த கற்சம்மட்டிகள் தோல்வாரால் காம்பொடு பிணிக்கப்பட்டிருந்தன. ஈரத்தோல் உலருங்கால் இறுகும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் நம் கருத்துக்கு வலிமை தருவது வேல்சு நாட்டுக் கிரேட் ஓர்ம் சுரங்கமாகும். கி.மு. 1700 அளவில் அங்கே பெருந்தொழில் நிகழ்ந்தது. 2,400-க்கு மேற்பட்ட கற்சம்மட்டிகள் அங்குக் கிடைத்துள்ளன. அக்காலமோ வெண்கலக் காலம். வெண்கலக் கோடரி ஊரில் வழங்கிய போதும் சுரங்கத்தினுள் கல்லே உழைத்தது.

நம் நாட்டிலும் கல்லும் செம்பும் ஒருங்கே வழங்கின. இராசத்தானத்துக் கேத்திரிச் செம்பு வளத்திற்கு அண்மையிலுள்ள கணேசுவரில், செம்பு அம்புமுனைகளோடு நுண்கற்கருவிகளும் கிடைத்தன. இவை வேட்டைக்கருவிகளே எனினும், உலோகம் வந்தும் கல் நீங்காமைக்குச் சான்றாகும்.

இனி, அரக்கோணத்தைச் சூழ்ந்த பகுதியை நோக்குவாம். அதன் வடகிழக்கே, கொற்றலையாற்றுப் படுகையில், 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டும் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் பதினைந்து இலட்சம் ஆண்டுப் பழமையின எனக் கணிக்கப்பட்டமை 2011-இல் வெளியாயிற்று. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வு, மெருகேற்றிய கற்கோடரிகளைத் தந்தது. முன்னவை உலோகத்தை அறியாதார் செய்தவை. பின்னவை புதிய கற்கால உழவர் கையாண்டவை. கல் என்னும் ஒரு பொருளால் மட்டும் இவற்றையும் சுரங்கச் சம்மட்டியையும் ஓரினமாக்குதல் கூடாது. கோடரிக்குக் கூர்விளிம்பு உண்டு. சம்மட்டிக்கு அடிபட்டுச் சிதைந்த முனையே அடையாளம்.

மொழியும் இங்கு ஓரளவே துணைசெய்யும். செம்பு நிறத்தாற் பெற்ற பெயர். பொன் என்பது உலோகப் பொதுப்பெயராகவும் நின்றமையின் இரும்பு கரும்பொன் எனப்பட்டது. இச்சொற்கள் உலோகத்தைக் காட்டும். அதனை அகழ்ந்த கருவியைக் காட்டா.

ஆகவே, களத்தில் ஒரு கற்கருவியைக் காணும் ஆய்வு மாணவர் முதலில் காலப்பெயர் சூட்டுதல் தகாது. அது கிடந்த இடம், அடுத்துள்ள தாதுத் துகள், கரி, தேய்வு, பள்ளம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். இடத்தினின்று பெயர்த்தெடுத்த கல் தன் வரலாற்றில் பெரும்பகுதியை இழக்கும். கருவியின் பொருள் ஒரு சான்றே, அதுவே காலமாகாது.